வேன், லொறிக் கதவில் இறுகிப்போன லொக் பேரலைக் கழற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் இருபது வருடமாகக் கதவு, கண்ணாடி, லொக் வேலை பார்க்கிறேன். கொழுந்து லொறி, மரக்கறி லொறி, பள்ளிக்கூட வேன், ஹயர் வேன் என்று எது வந்தாலும் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். சாவி போட்டுத் திருப்புகிற சாதாரணப் பேரலைப் பற்றித்தான் இது முழுவதும்.

"சாவி உள்ளே போகுது, திரும்ப மாட்டேங்குது. பேரல் போயிருச்சா அண்ணே?"

பெரும்பாலும் போயிருக்காது. அழுக்கு ஏறியிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே பூத்திருக்கும். முதலில் மற்றச் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் தேய்ந்தது சாவிதான். பேரலைத் தொடவே வேண்டாம். பிறகு நீங்கள் தினமும் பாவிக்கிற சாவியை இடது பக்கக் கதவில் போட்டுப் பாருங்கள். அங்கே லேசாகத் திரும்பினால் சாவி நல்லது, டிரைவர் பக்கப் பேரலில்தான் கோளாறு.

பேரலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்றது பாதி புரிந்துவிடும். வெளியே ஒரு கூடு, அதற்குள் சுற்றுகிற ஓர் உருளை. உருளையின் நீளத்துக்கு எட்டு, பத்து மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டின் தோளிலும் தலைமயிர் கனத்தில் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தகட்டை வெளியே தள்ளும், தகடு கூட்டிலுள்ள பள்ளத்தில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும், உருளை அசையாது. சரியான சாவி நுழைந்ததும் அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவு நகர்த்தி உருளையின் விளிம்போடு சமமாக்கிவிடும். பத்துத் தகட்டில் ஒன்று அழுக்கில் ஒட்டிக்கொண்டு அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டி நின்றாலும் சாவி திரும்பாது. அந்த நேரத்தில் பலத்தைக் கூட்டினால் அந்தத் தகடு கூட்டின் சுவரில் இன்னும் அழுந்துமே தவிர உள்ளே போகாது. பலம் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் நான் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

"கொழும்பு வண்டிக்கு இப்படி ஆகிறதில்லை. நம்ம பக்கம் மட்டும் ஏன்?"

அங்கேயும் ஆகும், கடல் உப்பால். இங்கே காரணம் வேறு. பேரலின் கூடு அநேகமாக நாகக் (துத்தநாகக்) கலவையில் வார்த்தது. ஈரம் தொடர்ந்து பட்டால் நாகம் வெள்ளையாகப் பூக்கும், பழைய தகரக் கூரையில் பார்த்திருப்பீர்களே, அதே மாவு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை வண்டி காய்வதே அரிது. மழை விட்டாலும் மூடுபனி விடாது. மழைத்தண்ணீர் கதவில் வழிந்து ஓடிவிடும்; மூடுபனியோ சாவித் துவாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரவுக் குளிரில் அது உள்ளேயே வியர்த்துத் தண்ணீராகும்.

தோட்டத்து லொறிகளுக்கு இன்னொரு எமன் உண்டு: உரம். உர மூட்டையில் இருக்கும் அமோனியா உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் பித்தளைத் தகட்டையும் அரிக்கும், நாகக் கூட்டையும் அரிக்கும். உரம் ஏற்றி இறக்கிய கையோடு சாவியைப் பிடித்துப் போட்டால் அந்தத் தூள் நேராக உள்ளே போகிறது. கொழுந்து மட்டும் ஏற்றுகிற லொறியின் பேரலையும் உரம் ஏற்றுகிற லொறியின் பேரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று கறுத்திருந்தது. மற்றது சுண்ணாம்பு தடவியது போல இருந்தது.

மூன்றாவது காரணம் ரிமோட். ரிமோட் இருக்கிற வண்டிக்காரர் வருடக்கணக்கில் கதவில் சாவி போடுவதில்லை. ஒரு குளிர்காலை பற்றரி இறங்கிவிடும், ரிமோட் வேலை செய்யாது, அன்றுதான் சாவியைத் தேடுவார். அதற்குள் தகடுகள் நின்ற நிலையிலேயே ஒட்டிப்போயிருக்கும்.

"வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கு. ரெண்டு சொட்டு விடலாமா?"

தயவுசெய்து விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியா 6,128 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே வருடச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். உங்கள் வீட்டுத் தட்டில் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாய்க் கட்டிபட்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். பேரலுக்குள் விட்டதும் அதே மாதிரித்தான் நிற்கும். பகல் வெயிலில் இளகி நன்றாகத் திரும்பும், நல்ல வைத்தியம் என்று நம்பிவிடுவீர்கள். விடியற்காலையில் மெழுகு ஊற்றியது போல இறுகும். போதாததற்குத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கந்தப்பளையிலிருந்து வந்த ஒரு மரக்கறி லொறியின் பேரலைத் திறந்தபோது, தகடுகளுக்கு நடுவில் தேயிலைத் தூளும் மண்ணும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் ஒரு பசை. நகத்தால் சுரண்டினேன், தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. மூன்று வருடமாக வாரம் தவறாமல் விட்டதாகச் சொன்னார். வண்டி மேல் உள்ள அக்கறையில் செய்ததுதான், பாவம்.

சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். கிரீசும் வேண்டாம். கிரீஸ் கதவுக் கொக்கிக்கும் கீலுக்கும் உரியது.

"அப்ப என்னதான் போடுறது?"

முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் வழுக்குவதற்குப் போட வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் பலருக்குப் பிழைக்கிறது.

கழுவ டபிள்யூ.டி. 40 போதும். 1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்கென்று தேடித் தேடி, நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் அந்தப் பெயர். ஈரத்தை விரட்டும், பழைய எண்ணெயைக் கரைக்கும், அதற்குத்தான் அது கெட்டிக்காரன். சிவப்புக் குழாயைத் துவாரத்துக்குள் வைத்துத் தாராளமாக அடியுங்கள், கீழே ஒரு துணி பிடியுங்கள். கறுப்பாக ஒழுகும். சாவியைத் திருப்பாமல் உள்ளே வெளியே இருபது முப்பது தடவை விடுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியைத் துடையுங்கள். கால் மணி நேரம் விட்டு மறுபடியும் செய்யுங்கள். ஒழுகுவது தெளிவாக வரும்வரை விடக்கூடாது. அதற்குப் பிறகுதான் இலேசாகத் திருப்பிப் பார்ப்பது.

திரும்பியதும் ஒரு நாள் காயவிட்டு, லொக்குக்கென்று விற்கிற உலர் ஸ்பிரே ஒன்றை அடியுங்கள். பென்சில் கரித்தூளும் நல்லதுதான், ஆனால் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லாத பேரலுக்கு மட்டும். எண்ணெயோடு சேர்ந்தால் அது சேறு.

"பகல்ல சரியா இருக்கு, காலையில மட்டும் திரும்புறதில்லை."

உள்ளே ஈரமோ பழைய எண்ணெயோ இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற நாட்களில் அந்த ஈரம் உறைந்தும் போகும். சாவியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடித்துச் சூடேற்றிப் போடுங்கள். கொதிநீரைக் கதவில் ஊற்ற வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். அன்றே மேலே சொன்னபடி கழுவிவிடுங்கள்.

"எவ்வளவு பலம் போடலாம்?"

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். குறட்டால் சாவியைப் பிடிக்கவே கூடாது.

"குறட்டால் பிடிச்சுத் திருப்பிட்டேன். சாவி உள்ளே உடைஞ்சு போச்சு."

சரி, நடந்தது நடந்துவிட்டது. மிச்சத் துண்டை எறிந்துவிடாதீர்கள். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் புதுச் சாவி வெட்டலாம்.

துவாரம் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். சாவியைப் போடும்போது, எடுக்கும்போது இருக்கிற நிலைக்கு அது வந்தால்தான் துண்டு வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் உடைந்திருந்தால், மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரைத் துவாரத்தின் வாயில் மட்டும் வைத்து மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிரைவரை உள்ளே குத்தினால் துண்டு இன்னும் பின்னால் போய்விடும்.

துண்டை எடுக்க நான் பாவிப்பது நகைப் பத்தரின் வாள். தங்கம், வெள்ளி அறுக்கிற அந்த வாள் நூல் போல இருக்கும். அவர்களுக்கு அது அடிக்கடி உடையும். நகைக்கடை வீதியில் கேட்டால் உடைந்த துண்டைச் சும்மாவே தருவார்கள். பல் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். டபிள்யூ.டி. அடித்துவிட்டு, சாவியின் வெட்டுப் பக்கத்தை ஒட்டி வாளை உள்ளே விடுங்கள். பாதி தூரம் போனதும் இலேசாக முறுக்கினால் பல் சாவியின் வெட்டில் கொளுவும். அப்படியே வெளியே இழுங்கள். ஒரு மில்லிமீட்டர் வந்தால் போதும், மறுபடியும் விட்டு, மறுபடியும் இழுக்கலாம். பத்தாவது தடவையில் வரும், சில நேரம் முப்பதாவதில் வரும். துண்டின் முனை வெளியே தெரிந்ததும் புருவம் பிடுங்குகிற சாமணத்தால் பிடியுங்கள்.

சூப்பர் குளூவைக் குச்சியில் தடவி ஒட்டி இழுக்கலாம் என்று ஒரு யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. செய்யாதீர்கள். குளூ தகடுகளில் பட்டால் பேரல் அத்தோடு முடிந்தது.

"பேரலைக் கழற்றக் கட்டாயம் கதவு போர்டை எடுக்கணுமா?"

பழைய வேன், லொறிகளில் ஆம். போர்டு என்பது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கிற பலகை. பேரலைப் பிடித்திருக்கிற கிளிப் கதவுத் தகரத்தின் உள்பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து நெம்பினால் பெயின்ட் போகும், தகரம் வளையும், பேரல் வராது. பிறகு டின்கர் வேலைக்குக் கொடுக்க வேண்டிவரும். பிந்திய கார்களில் கதவின் ஓரத்தில், கொக்கிக்கு அருகே, ஒரு ரப்பர் மூடி இருக்கலாம். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்குரூ தெரியும். அதை முழுதும் எடுக்காமல் தளர்த்தினாலே பேரல் வெளியே வரும். ஆகவே போர்டில் கைவைக்குமுன் கதவின் ஓரத்தைப் பாருங்கள்.

போர்டைக் கழற்றுவது மத்தியானத்தில் செய்கிற வேலை. விடியற்குளிரில் பழைய பிளாஸ்டிக் பட்டன் பிஸ்கட் போல உடையும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுத் தொடங்குங்கள். கண்ணாடியை முழுதும் மேலே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கை போக வழி இருக்காது. பவர் கண்ணாடி என்றால் ஏற்றிய பிறகு பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

கைவைக்கும் பலகையின் ஸ்குரூக்கள், உள்கைப்பிடிக் கிண்ணத்தில் ஒளிந்திருக்கிற ஸ்குரூ இரண்டையும் எடுங்கள். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி இருந்தால் அதன் பின்னால் ஒரு வளைந்த கம்பிக் கிளிப் இருக்கும். பழைய துணியொன்றைக் கைப்பிடிக்கும் போர்டுக்கும் நடுவில் விட்டு, செருப்புத் துடைப்பது போல இரு பக்கமும் இழுங்கள். துணி கிளிப்பின் முனையைக் கொளுவி இழுத்துவிடும். கிளிப் பறக்கும், ஆகையால் கதவடியில் ஒரு சாக்கை விரித்து வையுங்கள். பிறகு சீவிய மூங்கில் சிலாகை ஒன்றால் போர்டின் ஓரத்தை ஒவ்வொரு பட்டனாக நெம்புங்கள். இரும்பு ஸ்குரூ டிரைவர் பட்டனோடு போர்டையும் கிழித்துவிடும்.

போர்டுக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிகிறவர்கள் பலர். மழைத்தண்ணீர் கதவுக்குள் எப்படியும் இறங்கும், கீழே உள்ள ஓட்டைகளால் வெளியே போகும். அந்தத் தண்ணீரை வண்டிக்குள் வராமல் தடுப்பது இந்தப் பொலித்தீன்தான். அதை எறிந்த வண்டியில் ஒரே மழைக்காலத்தில் போர்டு ஊதும், கால்மிதி நாறும். ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து, கறுப்புப் பசையோடு அப்படியே தூக்கி வையுங்கள்.

"கதவே பூட்டிக் கிடக்கு, எப்படி உள்பக்கம் கழற்றுவது?"

மற்றக் கதவு வழியாக, பின்கதவு வழியாக உள்ளே போய், உள்கைப்பிடியால் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எல்லாமே பூட்டியிருந்தால் லொக் திறக்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

"கிளிப் எங்கே இருக்கு? எப்படி இருக்கும்?"

குதிரை லாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் அகலத்தில், ஸ்பிரிங் இரும்பில் செய்த சின்ன லாடம். பேரல் கூட்டைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். லாடத்தின் இரண்டு காலும் அந்தப் பள்ளத்தில் ஏறி, தகரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுக்கிக்கொண்டு நிற்கும். கண்ணால் நேராகப் பார்க்க முடியாது. போனைக் கதவுக்குள் விட்டு, லைட்டைப் போட்டு ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், உள்தகரத்தின் ஓரம் பிளேடு போல வெட்டும். என் முன்கையில் இருக்கிற தழும்புகள் எல்லாம் கதவு ஓரம் வெட்டியவைதான்.

முதலில் பேரலின் வாலில் இருக்கிற ரொட்டை, அதாவது பேரலை லொக்கோடு இணைக்கிற கம்பியை, கழற்றுங்கள். ரொட்டைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பூட்டு. அதை இழுத்தால் உடையும். ரொட்டிலிருந்து பக்கவாட்டில் சுழற்றினால் விட்டுவிடும், அதற்குப் பிறகு ரொட் தானாக வெளியே வரும்.

இப்போது லாடம். அதன் வளைந்த முதுகில் அல்லது ஒரு முனையில் ஓட்டையோ மடிப்போ இருக்கும். அந்த ஓட்டையில் தையல் நூலொன்றைக் கட்டுங்கள், நூலின் மறுமுனையை வெளியே விடுங்கள். நூல் கட்டாமல் தட்டினால் லாடம் கதவின் அடியில் விழும், அங்கே போய்த் தேடுவதற்குள் அரைநாள் போய்விடும். கட்டியபின் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை லாடத்தின் காலில் வைத்து, பின்புறம் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். அது நேராகப் பின்னால் வழுக்கி வர வேண்டும். துரு பிடித்திருந்தால் டபிள்யூ.டி. அடித்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

"கிளிப் வந்திருச்சு. பேரல் மட்டும் அசையவே இல்லை."

உண்மையான வேலை இங்கேதான். நாகக் கூடும் இரும்புத் தகரமும் ஈரத்தில் வருடக்கணக்காக ஒட்டி நின்றால் இரண்டுக்கும் நடுவில் ஓர் உப்பு வளர்ந்து சிமெந்து போல இறுகிவிடும். இன்னொன்று: வண்டிக்கு மறுபெயின்ட் அடிக்கும்போது பேரலைக் கழற்றாமல் மேலேயே அடித்துவிடுவார்கள். பெயின்ட் பேரலையும் கதவையும் ஒரே தோலாக ஆக்கிவிடும், நடுவில் உள்ள ரப்பர் வளையமும் உருகி ஒட்டும்.

முதலில் புதுப் பிளேடு ஒன்றால் பேரலின் தலையைச் சுற்றி அந்தப் பெயின்ட் தோலை வெட்டுங்கள். கோடு போல ஒரு வெட்டுப் போதும். பிறகு உள்பக்கமிருந்து, கூடு தகரத்தில் நுழைகிற இடம் முழுவதும் டபிள்யூ.டி. அடியுங்கள். இரவு முழுதும் விடுங்கள். அவசரமான ஆள் இந்த இடத்தில்தான் கதவைக் கெடுக்கிறார். மறுநாள் காலையில் இன்னொரு தடவை அடியுங்கள்.

அப்புறம் சூடு. ஒரு தடித்த துணியைச் சுடுதண்ணீரில் தோய்த்துப் பிழிந்து பேரலின் தலையில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். நாகம் இரும்பைப் போல இரு மடங்குக்கு விரியும். சூட்டில் பேரல் தகரத்தை இறுக்கும், ஆறும்போது சுருங்கும். அந்தச் சின்ன அசைவில் உப்பு வெடித்து விரிசல் விடும், எண்ணெய் அதற்குள் இறங்கும். ஆகவே சூடாக இருக்கும்போது தட்டாமல், ஆறிய பிறகு தட்டுங்கள். இரண்டு மூன்று தடவை சூடாக்கி ஆற்றினால் இன்னும் நல்லது. நெருப்பு மட்டும் வேண்டாம். கேஸ் விளக்கைப் பிடித்தால் பெயின்ட் கருகும், உள்ளே பிளாஸ்டிக் உருகும். நாகக் கலவையே 390 பாகைக்குள் உருகிவிடக்கூடியது.

தட்டுவதற்கு நான் வைத்திருப்பது கவாத்தில் வெட்டிய தேயிலைக் கட்டை. தேயிலை மரம் கடினம், உடையாது, உலோகத்தையும் காயப்படுத்தாது. விரல் பருமனில் ஒரு சாண் நீளம். அதன் ஒரு முனையைக் கதவுக்குள் விட்டுக் கூட்டின் பின்விளிம்பில் வையுங்கள், மறுமுனையில் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாக. உருளையின் நடுவில் வைக்காதீர்கள், கூட்டின் ஓரத்தில் வையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று. மற்றக் கையின் உள்ளங்கை வெளியே பேரலின் தலைமேல் இருக்கட்டும். காதைவிட அந்தக் கைக்குத்தான் முதலில் தெரியும். கல்லைத் தட்டுவது போல இருந்த அதிர்ச்சி திடீரென்று மெத்தென்று மாறும். அதுதான் விட்ட அடையாளம். வெளியே வராவிட்டால் உள்ளே கொஞ்சம் தள்ளி, மறுபடி வெளியே தள்ளுங்கள்.

பேரலைச் சுற்றிக் கழற்றப் பார்க்காதீர்கள். கதவிலுள்ள துளை அநேகமாக முழு வட்டமாக இருக்காது, பக்கங்களில் தட்டையாக வெட்டியிருக்கும். பேரல் சுழலாமல் நிற்பதற்குத்தான் அந்தத் தட்டை. குறட்டால் திருகினால் தகரம் கிழியும், பிறகு புதுப் பேரலும் அதில் ஆடும்.

"ட்ரில் போட்டா சுலபமா முடியுமே?"

முடியும், பேரலும் முடியும். சாவி தொலைந்து, தகடெல்லாம் உடைந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாவித் துவாரத்தின் மேல் 3 மில்லிமீட்டரில் தொடங்குங்கள்.

"பேரல் கையில வந்திருச்சு. அதைத் திறந்து சுத்தம் பண்ணலாமா?"

பண்ணலாம், ஆனால் சாவியை உள்ளே போட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இதை நான் வேலை பழகிய காலத்தில் கஷ்டப்பட்டுக் கற்றேன். சாவி இல்லாமல் உருளையை இழுத்தேன். தகடுகளும் ஸ்பிரிங்குகளும் மேசையெல்லாம் சிதறின, ஒரு ஸ்பிரிங் கானுக்குள் போய்விட்டது. வண்டிக்காரர் டிக்கோயாவிலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருந்தார். அன்று மாலைவரை அவருக்கு வண்டியைக் கொடுக்க முடியவில்லை.

சாவியைப் போட்டால் தகடுகள் உருளைக்குள் அடங்கி நிற்கும். வாலில் உள்ள சின்ன வளையக் கிளிப்பை எடுங்கள், நெம்புகோலையும் சுருள் ஸ்பிரிங்கையும் எந்தப் பக்கம் எது என்று போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள், பிறகு சாவியோடு உருளையை இழுங்கள். வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்துச் சாவியை மெதுவாக எடுத்தால் தகடுகள் தலைநீட்டும். ஒவ்வொன்றிலும் மிகச் சிறிதாக ஓர் இலக்கம் குத்தியிருக்கும். அந்த வரிசைதான் உங்கள் சாவியின் வெட்டு. ஒன்று மாறினாலும் சாவி வேலை செய்யாது. ஒவ்வொரு தகடாக எடுத்து, மண்ணெண்ணெயில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, அதே இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்ததை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவாதீர்கள்.

தேய்ந்த தகடு இருந்தால் இடது பக்கக் கதவின் பேரலைப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தப் பக்கம் சாவியே பட்டிருக்காது. அதே இலக்கத் தகடு அங்கே புதிதாக இருக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

"புதுப் பேரல் வாங்குறது நல்லதா, பழையதா?"

புதியது வாங்கினால் அதற்கு வேறு சாவி வரும். எஞ்சினுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று இரண்டு சாவி. பழைய பேரல் திருத்தக்கூடிய நிலையில் இருந்தால் அதைத் திருத்துவதே நல்லது என்பது என் எண்ணம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் குறைவு. வண்டியின் மொடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், கழற்றிய பேரலையே கையில் கொண்டுபோங்கள். இடது, வலது பேரலின் நெம்புகோல் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்ப்பது போல மாறியிருக்கும். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய் வலதுக்கு இடது வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாவி வெட்டக் கொடுக்கும்போதும் ஒரு வார்த்தை. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்ந்த சாவிதான் வரும். வீட்டில் பாவிக்காமல் கிடக்கிற மற்றச் சாவியைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.

"உள்கைப்பிடி வேலை செய்யுதே, பேரலை அப்படியே விட்டா என்ன?"

உங்கள் சொந்த வண்டி, நீங்கள் ஒருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் சில நாள் விடலாம். பள்ளிக்கூட வேனுக்கும், தோட்டத்திலிருந்து நோயாளியை ஏற்றிப் போகிற வேனுக்கும் விடாதீர்கள். நம் வீதிகள் ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம். வண்டி சரிந்தால் எந்தப் பக்கக் கதவு திறக்க முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கதவும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். பிள்ளைகள் ஏறுகிற வேன் வந்தால் நான் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

"சின்னப் பிள்ளை உள்ளே, சாவியும் உள்ளே. என்ன செய்ய?"

பேரலை மறந்துவிடுங்கள். 119க்கு அழையுங்கள். பிள்ளை சோர்ந்து தெரிந்தால் காத்திருக்காமல், பிள்ளைக்கு ஆகத் தூரத்தில் இருக்கிற பக்கக் கண்ணாடியின் மூலையில் சுத்தியலால் அடித்து உடையுங்கள். மூடிய வண்டிக்குள் வெயில் ஏறினால் மலைநாட்டுக் குளிர் காப்பாற்றாது. மயக்கம் என்றால் 1990 அம்பியூலன்சுக்கும் அழையுங்கள். கண்ணாடி ஒரு நாளில் போட்டுவிடலாம்.

"தெரிஞ்சவரோட வண்டி, கொஞ்சம் திறந்து தாங்க."

வாகனப் பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் காட்டினால் திறப்பேன். இல்லாவிட்டால் உரியவர் நேரில் வர வேண்டும்.

"எல்லாம் பூட்டியாச்சு. கதவைச் சாத்திப் பார்க்கலாமா?"

இன்னும் இல்லை. ரொட் எங்காவது பிசகியிருந்தால், சாத்திய கதவு மறுபடி திறக்காது. போர்டும் இன்னும் போடவில்லை, பொலித்தீனும் ஒட்டவில்லை, அப்படியே இருக்கட்டும்.

கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் உள்ள கொக்கியை ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். இரண்டு தடவை "டக், டக்" என்று விழும். கதவு மூடிவிட்டதாக இப்போது லொக் நினைத்துக்கொள்ளும். சாவியால் பூட்டுங்கள், வெளிக்கைப்பிடியை இழுங்கள், கொக்கி விடக்கூடாது. சாவியால் திறந்து மறுபடி இழுங்கள். கொக்கி விட வேண்டும். கொக்கியை அழுத்தி மறுபடி பூட்டி, இதையே உள்கைப்பிடியிலும் பாருங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். பிசகாமல் நடந்தால் பொலித்தீனை அதே பசையில் ஒட்டி, போர்டைப் போட்டு, பட்டன்களை உள்ளங்கையால் அடித்து இறுக்குங்கள். சாத்துமுன் கொக்கி விட்ட நிலையில் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிடித்த நிலையில் நின்றால் சாத்துகிற வேகத்தில் கொக்கி தூணில் மோதி வளைந்துவிடும். வெளிக்கைப்பிடியை ஒருமுறை இழுத்து அதை விடுவித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.